எதிராளியின் வாதத்தை முதலில் சொல்லுங்கள்: பூர்வபட்சம் பற்றி ஓர் எளிய அறிமுகம்

இந்துத் தத்துவம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது கர்மா, மறுபிறவி, மாயை, மோட்சம் என்று நான்கைந்து சொற்கள்தான். இவற்றை வைத்துக்கொண்டு தேர்தல், சட்டமன்றம், கிராம சபை, தொலைக்காட்சி விவாதம், குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழு என்று ஓடும் இன்றைய பொதுவாழ்க்கைக்கு என்ன பயன் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. மோட்சம் அவரவர் சொந்த விஷயம். ஆனால் அந்தத் தத்துவ நூல்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எந்த மரபைச் சேர்ந்த நூலாக இருந்தாலும் ஒரு பழக்கம் பெரும்பாலும் இருக்கும்: தன் முடிவைச் சொல்வதற்கு முன், அதை ஏற்காதவர் என்ன சொல்வார் என்று எழுதிவிட்டுத்தான் ஆசிரியர் தன் பக்கத்துக்கு வருவார். முதலில் வரும் அந்த எதிர்த்தரப்புக்குப் பெயர் பூர்வபட்சம். அதற்குப் பதில் உத்தரபட்சம். இரண்டையும் எடைபோட்டு நிறுவும் முடிவு சித்தாந்தம்.

என்னைக் கேட்டால், இந்த மரபிலிருந்து இன்றைய பொதுவாழ்க்கைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் இதற்குத்தான் முதலிடம். மேடைகளில் கீதை சுலோகம் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை அவரே "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு அப்புறம் மறுப்பவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரையில் முதல் சூத்திரத்துக்கான உரையே மிக நீளமானது. அதில் மகாபூர்வபட்சம் என்று அறியப்படும் பகுதி ஒன்று உண்டு. அது முழுக்க அத்வைதத்தின் வாதம். பிரம்மம் ஒன்றே உண்மை, பேதங்கள் எல்லாம் அறியாமையால் தோன்றுபவை என்பதற்கு ஓர் அத்வைதி என்னென்ன சான்று காட்டுவாரோ, எந்தெந்த உபநிடத வாக்கியங்களை எடுப்பாரோ, அதையெல்லாம் ராமானுஜரே வரிசையாக, வலுவாக எடுத்துவைக்கிறார். அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்த கொள்கை அது. அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் மகாசித்தாந்தம் தொடங்குகிறது, அங்கே ஒவ்வொன்றாக மறுக்கிறார். அவர் மறுப்பை ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விஷயம், ஆனால் எதிராளியை ஏமாற்றவில்லை என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சங்கரரும் இப்படித்தான். பிரம்ம சூத்திர உரையில் சாங்கியம் என்ற இன்னொரு தத்துவப் பிரிவோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது ஏன் என்பதற்கு அவரே காரணம் சொல்கிறார்: சாங்கியர்தான் பிரதான மல்லர், அவரை வீழ்த்தினால் மற்றவர்களை வீழ்த்தியதற்குச் சமம். அதாவது எதிர்த்தரப்பில் யார் பலசாலியோ அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு, எதிர்முகாமில் யாரோ ஒருவர் உளறிய ஒரு பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து "பார்த்தீர்களா, இவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்று பரப்புகிறோம்.

சரி, இந்தப் பழக்கத்துக்கு விதிகள் ஏதும் உண்டா? உண்டு, அதற்கென்றே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. கௌதமர் எழுதியதாகச் சொல்லப்படும் நியாய சூத்திரம் தன் முதல் சூத்திரத்திலேயே 16 பொருள்களைப் பட்டியலிடுகிறது. பிரமாணம் (அறிவுக்கு ஆதாரமான சான்று), சந்தேகம், உதாரணம் என்று போகும் அந்தப் பட்டியலில் வாதம், ஜல்பம், விதண்டை என்ற மூன்றும் அடுத்தடுத்து வரும். மூன்றும் பேச்சுதான், ஆனால் நோக்கம் வேறு. உண்மை எது என்று கண்டுபிடிப்பதற்காக, பிரமாணத்தையும் தர்க்கத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பும் பேசுவது வாதம். ஜெயிப்பது மட்டுமே குறிக்கோளாகி, அதற்காகத் தந்திரங்களையும் இறக்குவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாட்டையும் நிறுவாமல் எதிராளி சொல்வதை உடைப்பதோடு நின்றுவிடுவது விதண்டை.

வாதத்தை யாரோடு செய்ய வேண்டும் என்றும் அந்த நூலே சொல்கிறது. மாணவர், குரு, உடன் படிப்பவர், நன்மையை நாடுபவர், அதோடு பொறாமை இல்லாதவர். உண்மையை அறியும் ஆசை இருந்தால் எதிர்நிலை ஒன்றும் எடுக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக மட்டும்கூடப் பேசலாம் என்கிறது அடுத்த சூத்திரம். அப்படியானால் ஜல்பமும் விதண்டையும் எதற்கு? முளைவிட்ட பயிரைக் காக்க முள்வேலி போடுவதுபோல, உண்மையைக் காக்க அவையும் சில நேரம் தேவைப்படும் என்பது கௌதமரின் பதில். இது எனக்கு மிகவும் பிடித்த சூத்திரம், ஏனென்றால் உலகத்தில் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் வாதம் செய்ய வருவார்கள் என்ற கற்பனை அதில் இல்லை. அதேசமயம் வேலி வேறு, பயிர் வேறு என்பதும் தெளிவாக இருக்கிறது. நம் பொதுவாழ்க்கையில் வேலி மட்டும்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

தந்திரங்களுக்கும் பட்டியல் உண்டு. சொல்லைத் திரிப்பது சலம், அதில் மூன்று வகை. முதல் வகைக்கு மரபாகச் சொல்லும் உதாரணம் இது. ஒருவர், "இந்தப் பையன் நவகம்பளம் போர்த்தியிருக்கிறான்" என்கிறார். புதுக் கம்பளம் என்பது அவர் சொல்ல வந்தது. கேட்டவரோ, "ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே?" என்கிறார். நவ என்றால் புதியது, ஒன்பது என்று இரண்டு பொருளும் உண்டல்லவா, பேசியவர் கருதிய பொருள் நன்றாகத் தெரிந்தும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ஒரு தலைவர் ஒரு மணி நேரம் பேசியதில் எட்டு விநாடியை வெட்டி எடுத்துப் போடும் வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கம்பளம்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் நிக்கிரகஸ்தானம். விவாதத்தில் ஒருவர் தோற்றுவிட்டார் என்று எதை வைத்துச் சொல்வது? நியாய சூத்திரத்தின் கடைசிப் பகுதி அதற்கு 22 இடங்களைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் இங்கே விளக்கப்போவதில்லை, ஆனால் சிலவற்றைப் படித்தால் நேற்று இரவு ஒன்பது மணி விவாதத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கும். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ பேசுவது ஒன்று, மின்வெட்டைப் பற்றிக் கேட்டால் மொழிப்பற்றைப் பற்றிப் பதில் வருமே, அதுதான். தான் சொன்னதையே "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று கைவிடுவது இன்னொன்று. வேறு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிப் பாதியில் எழுந்து போவதும் தோல்விதான். எதிராளிக்கும் சபைக்கும் மூன்று முறை சொல்லியும் புரியாதபடி பேசுவதும் அப்படித்தான்.

மதானுஜ்ஞை என்ற இடம் இவற்றில் தனியாகக் கவனிக்க வேண்டியது. உங்கள் மேல் ஒரு குற்றம் சாட்டப்படுகிறது. அதை மறுக்காமல், "அதே குற்றம் உங்களிடமும் இருக்கிறதே" என்கிறீர்கள். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் உங்கள் மேல் உள்ள குற்றத்தை நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், ஆகவே தோல்வி உங்களுக்கு. "உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா?" என்ற வாக்கியம் இல்லாமல் நம் ஊரில் ஓர் அரசியல் விவாதம் நடக்குமா? பழைய சபை ஒன்றில் அந்த வாக்கியம் வந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்திருக்கும்.

பூர்வபட்சத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் அனனுபாஷணம். எதிராளி தன் கருத்தை மூன்று முறை சொல்லியாகிவிட்டது, சபைக்கும் புரிந்துவிட்டது, ஆனால் உங்களால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் தோற்றீர்கள். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்குச் சொல்லும் காரணம் எளிமையானது: திருப்பிச் சொல்லவே முடியாதவர் எதை ஆதாரமாக வைத்து மறுப்பார்?

இன்னொன்றும் உண்டு. எதிராளி தவறு செய்தும் அதைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுவதும் ஒரு தோல்வி. ஆனால் இதைத் தவறு செய்தவரும் சொல்ல மாட்டார், கவனிக்காமல் விட்டவரும் சொல்ல மாட்டார், ஆகவே சபைதான் சொல்ல வேண்டும் என்கிறார் வாத்ஸ்யாயனர். விவாதத்தை நடத்தும் நெறியாளர்கள், பத்திரிகையாளர்கள், பார்த்துக்கொண்டிருக்கும் நாம் எல்லாருமே அந்தச் சபைதான். இரண்டு பக்கமும் கத்தவிட்டு நடுவில் உட்கார்ந்திருப்பது நடுநிலை ஆகாது.

தமிழிலும் இதற்கு ஆழமான வேர் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகள் கொண்டது, பரபக்கம், சுபக்கம். பிறர் பக்கம் முதலில், தன் பக்கம் பின்னால். பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தப் பிரிவினர் நால்வர், சமணர், ஆசீவகர், மீமாம்சகர், மாயாவாதி, சாங்கியர், பாஞ்சராத்திரி என்று 14 தரப்புகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் முதலில் அவர் மதம், அதாவது கொள்கை, அடுத்து அதன் மறுதலை, அதாவது மறுப்பு. கடவுளே இல்லை என்று சொல்லும் உலகாயதனுக்கும் தன் கட்சியைப் பேசி முடிக்க இடம் கொடுத்த பிறகுதான் மறுப்பு தொடங்குகிறது. அதற்கும் முன்னால், பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், "பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்" என்று ஊருக்கே அறிவிக்கிறான். பகைவராக இருந்தாலும் கோபமும் சண்டையும் வேண்டாம், விலகிப் போங்கள். சமயவாதிகள் பட்டிமண்டபத்துக்கு முறையறிந்து ஏறுங்கள் என்பது அதற்கு முந்தைய வரி. திருவிழா அறிவிப்பில் விவாத ஒழுங்கும் சேர்ந்தே வருகிறது! வேத வழியோ பௌத்தமோ சமணமோ, ஒருவரையொருவர் மறுத்து மறுத்துத்தான் எல்லாரும் இந்தக் கலையை வளர்த்தார்கள், யாரும் இதற்குத் தனி உரிமை கொண்டாட முடியாது.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு, இந்த மரபு எங்கே சறுக்கியது என்று சொல்லாமல் போனால் அது நேர்மையாக இருக்காது. 14ஆம் நூற்றாண்டு மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் 16 தரிசனங்களை, அதாவது தத்துவப் பிரிவுகளை, விளக்குகிறது, முதல் அத்தியாயமே நாத்திகச் சார்வாகருக்குத்தான். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சார்வாகர்களின் சொந்த நூல்கள் ஏறக்குறைய எதுவும் இன்று மிஞ்சவில்லை. எதிராளிகள் அவர்களைப் பற்றி எழுதிவைத்த பூர்வபட்சம்தான் மிச்சம். "கடன் வாங்கியாவது நெய் குடி" என்பதுதான் அவர்கள் கொள்கை என்று இன்றும் சொல்கிறோம், இல்லை என்று சொல்ல அவர்கள் தரப்பில் ஆள் இல்லை.

இதைவிடப் பெரிய சறுக்கல், சபைக்குள் யார் வரலாம் என்பதில் நடந்தது. எதிராளியின் கருத்தை அவ்வளவு சிரத்தையாக எழுதிய அதே சங்கரரும் ராமானுஜரும், பிரம்ம சூத்திரத்தில் சூத்திரருக்கு வேதம் படிக்கும் உரிமை உண்டா என்ற பகுதிக்கு வரும்போது, இல்லை என்ற முடிவுக்குத்தான் உரை எழுதுகிறார்கள். அங்கேயும் பூர்வபட்சம் இருக்கிறது, உரிமை உண்டு என்ற வாதமும் எடுத்துவைக்கப்படுகிறது. ஆனால் அந்த உரிமை மறுக்கப்பட்டவர்கள் சபையில் உட்கார்ந்து, "என் வாதத்தை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை" என்று திருத்த வழி இருந்ததா? ஒருவர் இல்லாத இடத்தில் அவர் சார்பாக எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது அரைகுறைதான். இந்த மரபை இன்றைக்கு எடுத்துக்கொள்பவர்கள் இந்த ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஓட்டையைக் காட்டியவர்களில் முக்கியமானவர் அம்பேத்கர். 1936இல் லாகூரில் ஜாத்பாத் தோடக் மண்டல் என்ற சாதி ஒழிப்பு அமைப்பின் மாநாட்டுக்காக அவர் எழுதிய உரை, அமைப்பாளர்களுக்கு ஒத்துவராததால் பேசப்படவே இல்லை. அவர் அதைத் தானே அச்சிட்டு வெளியிட்டார், அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. காந்தி ஹரிஜன் இதழில் அதைக் கடுமையாக விமர்சித்தார். 1937இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அம்பேத்கர் என்ன செய்தார் தெரியுமா? காந்தியின் விமர்சனத்தைத் தன் புத்தகத்திலேயே சேர்த்து அச்சிட்டு, அதன் பின்னால் தன் பதிலை வைத்தார். எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் சுருக்கக்கூட இல்லை, எதிராளியின் எழுத்தாகவே கொடுத்தார். இந்து சமூக ஒழுங்கை அடியோடு மறுக்கும் ஒரு நூலில்தான் பூர்வபட்சத்தின் மிகச் சுத்தமான வடிவம் இருக்கிறது.

அரசியல் நிர்ணய சபையிலும் அதையே பார்க்கலாம். 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வரைவு அரசியலமைப்பை அறிமுகப்படுத்திப் பேசியபோது, இதில் புதிதாக ஒன்றுமில்லை, ஆங்கிலேயர் கொண்டுவந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் நகல், கிராமத்துக்கு இடமில்லை, அடிப்படை உரிமைகளில் விதிவிலக்குகள்தான் அதிகம் என்று எழுந்த விமர்சனங்களை அவரே எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒரு வருடம் கழித்து, 1949 நவம்பர் 25 உரையில், காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு என்று தன்னோடு ஓயாமல் மோதிய உறுப்பினர்களின் பெயர்களைச் சொல்லி நன்றி தெரிவித்தார்.

இன்று நம் சட்டங்களிலும் இந்த எண்ணம் வேறு வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. உரிமையியல் வழக்கில் பிரதிவாதி, "வாதி சொல்வது எல்லாம் பொய்" என்று மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, வழக்குரையில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் குறிப்பிட்டு மறுக்க வேண்டும், குறிப்பிட்டு மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் கொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் எழுப்பிய முக்கியமான கவலைகளுக்குத் திட்டத்தைக் கொண்டுவருபவர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்தில் பேசியவர்கள் பூர்வபட்சம், அறிக்கை உத்தரபட்சம். அந்தப் பதில் உண்மையான பதிலா, கடமைக்கு எழுதியதா என்று படித்துப் பார்ப்பதுதான் ஊர்க்காரர்கள் செய்ய வேண்டிய வேலை.

கைக்கு எட்டும் ஒரு விஷயத்தில் செய்து பார்க்கலாம். உங்கள் ஊர்க் கடைத்தெருவில் நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும் என்பது உங்கள் கட்சி என்று வைத்துக்கொள்வோம். "வாடகை கொடுக்காமல் ஓசியில் இடம் பிடித்தவர்கள்" என்று எதிர்த்தரப்பைப் பற்றி எழுதினால் அது பூர்வபட்சம் இல்லை, வசை. இப்படி எழுதிப் பாருங்கள்: "நாங்கள் இங்கே இருப்பதற்குக் காரணம் மக்கள் நடப்பது இங்கேதான் என்பது. வாடகைக் கடை எடுக்க முன்பணம் கிடையாது. நாங்கள் குறைந்த விலைக்கு விற்பதால்தான் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இங்கே சாப்பிட முடிகிறது. நடக்க வழி விடச் சொன்னால் விடுகிறோம், ஒரேயடியாகத் துரத்தாதீர்கள்." எழுதியதைக் கொண்டுபோய் அந்தக் கடைக்காரரிடமே காட்டி, "அண்ணே, நீங்க சொல்றது இதானே?" என்று கேளுங்கள். அவர் ஏதாவது திருத்துவார், ஒருவேளை முக்கியமான காரணம் ஒன்றையே நீங்கள் விட்டிருப்பீர்கள். அதையும் சேர்த்த பிறகு உங்கள் மறுப்பை எழுதுங்கள். இப்போது சக்கர நாற்காலியில் வருபவர் எப்படிப் போவார் என்ற உங்கள் கேள்விக்கு எடை கூடியிருக்கும், ஏனென்றால் அது அவர்கள் உண்மையிலேயே சொல்லும் ஒன்றுக்கு எதிரே நிற்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது. நான் மேலே சொன்ன அந்த ஓட்டை அடைபடுவது இப்படித்தான், அவர்கள் தரப்பை அவர்களே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இந்த முறையைப் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அப்படியானால் எல்லாக் கருத்துக்கும் மரியாதை கொடுத்து உட்காரவைத்துப் பேச வேண்டுமா, அபத்தத்துக்கும் வெறுப்புக்கும்கூட இரண்டு பக்கம் உண்டா? வாத்ஸ்யாயனர் உரையின் தொடக்கத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அறவே தெரியாத விஷயத்திலும் நியாயம், அதாவது தர்க்க ஆராய்ச்சி, இயங்காது, முடிவாகிவிட்ட விஷயத்திலும் இயங்காது, சந்தேகம் உள்ள விஷயத்தில்தான் இயங்கும் என்கிறார். நடைபாதையில் எத்தனை கடை, எங்கே, எந்த நேரத்தில் என்பதில் உண்மையான சந்தேகம் இருக்கிறது, அதற்கு இரண்டு தரப்பும் வேண்டும். தீண்டாமை கூடுமா என்பதில் அப்படி எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை, அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதை ஒழித்தாகிவிட்டது. ஒரு தொலைக்காட்சி அதற்கு இரண்டு பக்கமும் ஆள் பிடித்து எதிரெதிரே உட்காரவைத்தால், அதைப் பூர்வபட்சம் என்று யாரும் நியாயப்படுத்த முடியாது.